மடங்காத கத்தி

"மீன் வெட்டவா, கறி வெட்டவா?" என்று மசூது பாய் கேட்டபோது, ரெண்டுக்கும் இல்லை என்று உலகம்மாள் தலையை ஆட்டினாள். பிறகு எதற்கு என்று அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள், வேறு யாரோ வந்து பதில் சொல்லப்போவதுபோல. தென்காசி பஜாரில் அந்த இரும்புக் கடைக்கு அவள் வந்து கால் மணி நேரம் ஆகிவிட்டது. வாசலில் கம்பிச் சுருள், உள்ளே பெயிண்ட் டப்பா, அதற்கும் உள்ளே ஆணி, கொக்கி, தாழ்ப்பாள், மண்வெட்டித் தலை, எல்லாவற்றுக்கும் மேலாகப் புதுக் கயிற்றின் வாடை. அந்த வாடை மூக்கில் ஏறக் கூடாது என்றே அவள் மேசையின் இந்த ஓரத்தில் ஒதுங்கி நின்றாள். "காட்டுக்கு" என்றாள் கடைசியில். "தோட்டத்துக்கா?" "இல்ல பாய், காட்டுக்கு. நான் பாரஸ்ட்ல கார்டா இருக்கேன்." அவர் அவளுடைய பூப்போட்ட சேலையை ஒரு தடவை பார்த்தார். சேலையில் காக்கி தெரியாது. முப்பத்துமூன்று வயது, வனக்காவலர் வேலையில் ஒன்பது வருஷம், நாற்பத்தெட்டு நாள் மருத்துவ விடுப்பு முடிந்து நாளைக் காலை ஏழு மணிக்கு ஜீப்பில் மலைமேல் முகாமுக்குத் திரும்புகிறவள் என்பதெல்லாம் அவள் நெற்றியிலா எழுதியிருக்கிறது. "அப்ப அருவாதானம்மா? நல்ல வெட்டருவா இருக்கு." அரிவாள் முகாமிலேயே நாலு இருக்கிறது. அரிவாள் பையில் இருக்கும், பை முதுகில் இருக்கும், வேண்டிய நேரத்தில் கை முதுகுக்குப் போகாது. அதை எப்படிச் சொல்வது. "இடுப்புல தொங்கணும் பாய். ஒத்தக் கையால உருவணும். மடங்காததா இருக்கணும்." மடங்காததா என்ற சொல் வாயைவிட்டுப் போனதும் அவளுடைய வலது கையில் தழும்பேறிய ரெண்டு விரலும் தாமாகவே கொஞ்சம் உள்ளே சுருங்கின.

பாய் அலமாரியைத் திறந்து ஐந்து கத்திகளை உறையோடு எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். அவள் ஒன்றையும் தொடவில்லை. பழைய கத்தியை வாங்க அவளுக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் புது பஸ் ஸ்டாண்டில், தள்ளுவண்டியில், கூலிங்கிளாஸுக்கும் செல்போன் உறைக்கும் நடுவில் கிடந்தது. சிவப்புப் பிடி. பிடியின் முனையில் குட்டியாக ஒரு டார்ச். அந்த டார்ச்சுக்காகத்தான் எடுத்தாள், வேறு எதற்கும் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார், அவள் ஒரு கால் படியில் வைத்தபடியே அதை வாங்கிப் பைக்குள் போட்டாள். முகாமில் எல்லாரும் சிரித்தார்கள். "எக்கா, இது பொம்மையால்லா இருக்கு" என்றவன் சொரிமுத்து. வேட்டைத் தடுப்புக் காவலுக்குத் தற்காலிக வேலையில் வந்த பையன், பையன் என்ன பையன், இருபத்தொன்பது வயது, கல்யாணமாகி ரெண்டு வயதில் பெண் குழந்தை. சிரித்தவனே தினமும் அதைக் கடன் கேட்டான். ஆரஞ்சு உரிக்க, காலில் ஏறிய முள்ளைக் கிளற, பிஸ்கட் பொட்டலம் பிரிக்க. நாலு வருஷம் எல்லா வேலையும் பார்த்தது அது. ஆரஞ்சு உரித்ததை வைத்து அதைக் கத்தி என்று நம்பினாள். கத்தி என்று பேர் வைத்து, பாக்கெட்டில் போட்டு, அதன் தைரியத்தில் ஓடையில் இறங்கினாள். இல்லை, ஓடையில் இறங்கும்போது கத்தி நினைப்பே இல்லை. அதுதான் உண்மை. இறங்கும்போது சாயங்காலத்துக்குள் முகாமுக்குப் போய் ஈரச் சட்டையை மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் நினைப்பு. இன்றைக்கு ஐந்து கத்தியின் முன்னால் இப்படி நிற்கிற நிதானத்தில் பாதி அன்றைக்கு இருந்திருந்தால், என்று தொடங்கும் யோசனை எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். தினமும் போய் வருகிற தடம் அது. கால் வைக்காமல் இருக்க முதல் கத்தியை எடுத்தாள்.

அது பளபளவென்று இருந்தது. அலகில் அவள் கண்ணும் மூக்கின் பாதியும் தெரிந்தன. முதுகுப் பக்கம் ரம்பம்போலப் பல் பல்லாக வெட்டியிருந்தார்கள். "இதத்தான் காலேஜ் பிள்ளைங்க மலையேறப் போறப்ப வாங்குதாங்க" என்றார் பாய். அவள் அதைப் பக்கவாட்டில் திருப்பி அலகின் தடிமனைப் பார்த்தாள். தோசைக்கரண்டி இதைவிடத் தடிமன். கீழே வைத்தாள். ரெண்டாவதற்கு மரப்பிடி, கைக்கு இதமாக, வழவழவென்று. பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்டாள். பாய் ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ரெண்டு விரக்கடை போகும்" என்றார், பொய் சொல்ல விருப்பமில்லாதவராக. "பிடி முடிய ஒரே இரும்பா ஓடணும் பாய். இல்லாட்டி பிடிகிட்டயே ஒடிஞ்சிரும்." "உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கே" என்று அவர் சிரித்தார். தெரியாமல் என்ன. நாற்பத்தெட்டு நாளும் போனில் வேறு என்ன பார்த்தாள். தாடி வைத்த ஆட்கள் கத்தியை விறகின்மேல் வைத்து முதுகில் கட்டையால் அடித்துப் பிளந்தார்கள். கத்தியைக் கல்லில் குத்தினார்கள், வளைத்தார்கள், உப்புத் தண்ணியில் ஊறப்போட்டுத் துரு பிடிக்கிறதா என்று பார்த்தார்கள். அவளுடைய வீட்டுக்காரன் கோமதிநாயகம் பக்கத்தில் படுத்துக்கொண்டே, "அதுலயே ஒண்ணத் தட்டிவிடேன், வீட்டுக்கே வந்துரும்" என்றான். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "மலைக்கே போகாண்டாம், நாத்துப்பண்ணைக்கு மாத்தல் கேளு, நான் ரேஞ்சர் சார்ட்ட பேசுதேன்" என்றான். அவள் அடுத்த வீடியோவைத் தட்டினாள். அந்த வீடியோ எல்லாவற்றிலும் கத்தி பிடித்தவனுக்கு இன்னொரு கை சும்மா இருந்தது. கீழே உறுதியான தரை. ஒருத்தராவது இடது கையில் இன்னொரு ஆளின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அறுத்துக் காட்டவில்லை. தண்ணீர் இடுப்பைத் தள்ளும்போது அறுத்துக் காட்டவில்லை. பல்லால் கத்தியைத் திறந்து காட்டவில்லை.

ஐப்பசி மழை. காலையில் முழங்காலுக்குக் கீழே கிடந்த ஓடை, அவளும் சொரிமுத்துவும் ரோந்து முடித்துத் திரும்பும்போது தொடைக்கு வந்திருந்தது. மேலே எங்கேயோ கொட்டியிருக்க வேண்டும். தண்ணீர் டீத்தண்ணி நிறத்தில் ஓடியது. இந்தக் கரையில் மரத்தில் கயிற்றைக் கட்டி, அவள் முதலில் இறங்கிக் கடந்து, அந்தக் கரையில் மறு நுனியைக் கட்டினாள். எல்லாம் முறையாகத்தான். கட்டிவிட்டுக் கையசைத்தாள். சொரிமுத்து இறங்கினான், முதுகில் பை. பையின் வார் கொக்கி உடைந்து ஒரு மாசமாக, ரெண்டு வாரையும் மாரின் குறுக்கே இழுத்து முடிச்சுப் போட்டுக்கொள்வான். நடு ஓடையில் வரும்போது ஒரு கிளை வந்தது. பெரிய மரம்கூட இல்லை, ஒரு கிளை, இலையோடு, பச்சையாக. அவன் விலாவில் மோதியது, அவன் சாய்ந்தான், கிளையும் கயிறும் பையும் ஒன்றாகச் சிக்கி, அவனைக் கயிற்றோடு சேர்த்துக் கட்டிப்போட்டதுபோல் ஆகிவிட்டது. தண்ணீர் அவன் தலைக்கு மேல் ஏறி வழிந்தது. அவள் கயிற்றைப் பிடித்துத் திரும்ப இறங்கியதும், அவன் காலரைப் பிடித்துத் தூக்கியதும், மூக்கு வெளியே வந்து மூச்சு இழுத்து மறுபடி மூழ்கியதும், கத்தியை எடுத்துப் பல்லால் திறந்து மார் வாரில் வைத்து அறுத்ததும், எல்லாம் அறிக்கையில் இருக்கிறது. 'துரிதமாகச் செயல்பட்டு, சுமார் ஒரு நிமிடத்திற்குள்' என்று ரேஞ்சர் எழுதியிருந்தார். ஒரு நிமிடம் என்று அவருக்கு யார் சொன்னார்கள். அவள் சொல்லவில்லை. குடியரசு தினத்துக்குப் பாராட்டுச் சான்றிதழுக்கு அவள் பெயரை அனுப்பியிருக்கிறார். வார் பாதி அறுந்தபோது கத்தி மடங்கியது. அதுவும் அறிக்கையில் இருக்கிறது, 'கருவி பழுதானபோதும்' என்று. தன் விரல்மேலேயே மூடிக்கொண்டது, எலிப்பொறிபோல. அதற்கு அடுத்து நடந்தது அறிக்கையில் இல்லை. அவள் காலரை விட்டாள். விட்டுவிட்டு, வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். ரத்தம் மழையில் கரைந்து முழங்கை வரை ஓடியதைப் பார்த்தாள். என் விரல் போச்சே என்று நினைத்தாள். அவ்வளவு தெளிவாக, வார்த்தை வார்த்தையாக நினைத்தாள். அந்த நேரம் முழுக்க சொரிமுத்து தண்ணீருக்குள் இருந்தான். எவ்வளவு நேரம் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் போனில் நேரத்தை ஓடவிட்டு, கையைத் தூக்கிப் பார்த்து, என் விரல் போச்சே என்று மனசுக்குள் சொல்லி நிறுத்திப் பார்த்தாள். நாலு விநாடி வந்தது. இன்னொரு நாள் பதினொன்று வந்தது. ஒரு நாள் நிறுத்தவே மறந்து, அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாடையில்தான் திரும்பிப் பார்த்தாள்.

"இந்தக் கைக்கு என்னம்மா ஆச்சு?" பாய் அவள் மூன்றாவது கத்தியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் முழுசாக மடங்காமல் பிடியைவிட்டு விலகி நின்றன. "மடக்குக் கத்தி மூடிக்கிடுச்சு. ஒம்பது தையல்." "யா அல்லாஹ்" என்று அவர் உச்சுக்கொட்டினார். நல்ல மனுஷன். இந்த உச்சுக்கொட்டலைத்தான் நாற்பத்தெட்டு நாளாக எல்லாரும் அவள் கையில் வைத்துவிட்டுப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் சொரிமுத்துவின் பெண்டாட்டி மாடத்தி ஓடிவந்து கட்டுப் போட்ட இந்தக் கையைத்தான் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க என் சாமிக்கா" என்றாள். கையை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, கொடுக்கவும் முடியவில்லை. சாமி என்று சொன்னவளிடம், இந்தக் கையைப் பார்க்கத்தான் உன் புருஷனை விட்டேன் என்று எந்த வாயால் சொல்வது. சொல்லாமல் தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். சொரிமுத்து பிழைத்தான். நாலு பேர் டோலி கட்டித் தூக்கி இறக்கினார்கள், ஜீப், ஆஸ்பத்திரி, பதினேழு நாள். பிழைத்தவனுக்குப் பேச்சு மெதுவாகிவிட்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் தேடுகிறான். வலது கால் இழுக்கிறது. மூளைக்குக் காற்றுப் போகாமல் இருந்த நேரத்தைப் பொறுத்தது என்று டாக்டர் சொன்னபோது அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். நேரத்தைப் பொறுத்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாடத்திக்குப் போன் பண்ணி, சாப்பிட்டானா, தூங்குதானா, நடந்தானா என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அவனிடம் கொடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. "பிடி உங்களுக்குத் தடிமனா இருக்கணும்மா" என்றார் பாய். "மெல்லிசாப் பிடிச்சா அந்த வெரலு நிக்காது. இதப் பாருங்க." நாலாவது கத்தியை உறையிலிருந்து உருவி, பிடியை அவள் பக்கம் திருப்பி நீட்டினார்.

அது அழகே இல்லாத கத்தி. மங்கலான கறுப்பு அலகு, அவள் உள்ளங்கை நீளத்தைவிடக் கொஞ்சம் கூட. முதுகு நல்ல கனம். பிடி ரப்பர்போலச் சொரசொரவென்று, அலகு தொடங்கும் இடத்தில் விரல் வழுக்கி முன்னால் போகாதபடி ஒரு மேடு. பிடியின் அடிப்பக்கம் இரும்பு ஒரு நகத்தளவு வெளியே துருத்தி நின்றது. ஒரே இரும்பு, நுனி முதல் அடி வரை. "துரு பிடிக்கும், சொல்லிருதேன்" என்றார் பாய். "நனைஞ்சா தொடச்சு எண்ணெய் போடணும். பளபளன்னு இருக்கிறது துரு பிடிக்காது, ஆனா கூர் நிக்காது. ரெண்டும் ஒண்ணுல கெடைக்காதும்மா." அவள் பிடித்துப் பார்த்தாள். விலகி நின்ற ரெண்டு விரலும் மேட்டில் ஒண்டிக்கொண்டன. உறை இடுப்பு வாரில் கோர்க்கிற மாதிரி, தலைகீழாகப் பிடித்தாலும் விழாமல் கிளிக் என்று கவ்வியது. எல்லாம் சரி. எல்லாம் சரியாக இருந்ததாலேயே அவளுக்குப் பயமாக இருந்தது. அன்றைக்கும் கயிறு, முடிச்சு, முறை எல்லாம் சரியாகத்தானே இருந்தது. "பாய், பை வார் மாதிரி நைலான் பட்டை இருக்கா? அறுத்துப் பாக்கணும்." "தாராளமா." லாரியில் சரக்கு கட்டுகிற பட்டை, ரெண்டு விரல் அகலம், ஒரு முழம் வெட்டிக்கொடுத்தார். அவள் அதன் ஒரு நுனியைத் தூணில் தராசு மாட்டும் கொக்கியில் கட்டினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து வலது கைமேல் ஊற்றினாள், கத்தியின்மேல் ஊற்றினாள், தரையெல்லாம் சொட்டியது.  இடது கையால் பட்டையின் மறு நுனியைக் காலரைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தாள். கத்தியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

பட்டை அறுந்துவிட்டது. சத்தம்கூட வரவில்லை. இழுத்துப் பிடித்த வேகத்தில் அவள் ஒரு அடி பின்னால் போய்ப் பெயிண்ட் டப்பா அடுக்கில் இடித்து நின்றாள். கையில் துண்டு. "பாத்தியளா" என்றார் பாய் பெருமையாக. அவள் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவ்வளவுதானா. அன்றைக்கு அவள் அறுத்தாளே, பல்லைக் கடித்து, முனகி, கெட்ட வார்த்தை சொல்லி, பாதிதான் போயிற்று, கத்தி மூடிக்கொண்டு, மறுபடி பல்லால் திறந்து, ஆடுகிற அலகைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, திரும்பவும் அறுத்து, அவன் உதைக்கிறதை நிறுத்தி, அதற்குப் பிறகும் அறுத்து. ஒரு இழுப்பு வேலை. கொக்கியில் தொங்கிய மிச்சத்தை இன்னொரு முடிச்சுப் போட்டு மறுபடி இழுத்தாள். போய்விட்டது. இன்னொன்று கேட்டாள், பாய் கொடுத்தார், அதையும். கத்தியை இடது கைக்கு மாற்றி இழுத்தாள், அதற்கும் போய்விட்டது. தடுமாறிப் பிடித்துப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அது போகாமல் கொஞ்சமாவது நிற்காதா என்று இருந்தது அவளுக்கு. நல்ல கத்திக்கும் கொஞ்சம் நேரம் ஆகும் என்றிருந்தால் மனசு எங்கேயாவது சாய்ந்துகொள்ளும். காலைச் சுற்றிப் பட்டைத் துண்டுகள் கிடந்தன. மூக்கில் நீர் வடிவது உதட்டில் உப்புக் கரித்தபோதுதான் தெரிந்தது. "போதும்மா" என்று பாய் மெதுவாகச் சொன்னார். மேசையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்து, கத்திக்குக் கை நீட்டாமல், ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் போட்டார். "நல்ல கத்திதான். நான் பொறுப்பு. உக்காருங்க." அவள் கத்தியை உறையில் போட்டாள். கிளிக் என்றது. உட்கார்ந்தாள்.  உள்ளே போய் எதையோ தேடுவதுபோல முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளட்டும் என்று.

அப்போதுதான் பைக்குள் போன் அடித்தது. மாடத்தி. ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. ஏதாவது ஆகிவிட்டதோ. எடுக்காமல் விடலாமா என்று ஒரு நினைப்பு, அதன் பின்னாலேயே, விடுவது உனக்குப் பழக்கம்தானே என்று இன்னொரு நினைப்பு. எடுத்தாள்.

"எக்கா, நாளைக்கு மேல போறியளாம்லா? ரேஞ்சர் ஆபீஸ்ல சொன்னாவ."

"ஆமா மாடத்தி. ஏன், அவனுக்கு ஒண்ணுமில்லையே?"

"நல்லாருக்காவ. நீங்க போறியன்னு கேட்டதுலருந்து உங்ககிட்டப் பேசணும்னு நச்சரிக்காவ. இந்தா கொடுக்கேன்."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போன் கைமாறுகிற சத்தம் கேட்டது. பின்னால் எங்கேயோ டிவி, குழந்தை எதையோ கேட்டுச் சிணுங்கியது. பிறகு மூச்சு. அவன் மூச்சு.

"எக்கா."

"சொல்லுடே சொரிமுத்து."

"எங்க... இருக்கிய?"

"தென்காசில. கடைல. ஒரு சாமான் வாங்க வந்தேன்."

"என்ன..." சொல் வரவில்லை. அவள் எடுத்துக்கொடுக்காமல் காத்திருந்தாள். "என்ன சாமான்?"

"கத்தி."

அந்தப் பக்கம் யாரோ டிவியைக் குறைத்தார்கள்.  

"பழசு என்னாச்சு? செவப்பு... நல்லாத்தான இருந்துச்சு?"

உலகம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். கேலி பேசுகிறானா என்று நினைத்தாள். சொரிமுத்து கேலி பேசுகிற ஆள்தான். ஆனால் குரலில் கேலி இல்லை. அவனுக்குத் தெரியாது. யாருமே அவனிடம் சொல்லவில்லை. நாற்பத்தெட்டு நாளாக அவள் எதை அவனிடமிருந்து மறைத்து வைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தாளோ, அதில் அறிக்கையிலேயே இருக்கிற பாதி, கத்தி மடங்கியதுகூட, அவனிடம் போய்ச் சேரவில்லை. ஒன்றும் ஆகவில்லை, தொலைந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. எவ்வளவு லேசாக வந்தது அது.

"மடங்கிட்டுடே" என்றாள். "உன் வார அறுக்கும்போது என் வெரல்மேலயே மடங்கிட்டு. மடங்கினதும் நான் உன்னய விட்டுட்டேன். காலர விட்டுட்டேன். என் கையத் தூக்கிப் பாத்துக்கிட்டு நின்னேன். நீ தண்ணிக்குள்ள இருந்த. எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியலடே. இத நான் யார்கிட்டயும் சொல்லல. மாடத்திகிட்டகூடச் சொல்லல. ஒனக்கு இப்ப இப்படி இருக்குல்லா, அது அந்த நேரத்தாலகூட இருக்கலாம்."

சொல்லி முடித்ததும் கடையில் இருந்த சத்தமெல்லாம் ஒன்றாக வந்து காதில் விழுந்தது. தெருவில் ஆட்டோ, மேலே பேன், பாய் ஆணியை எடைபோட்டுக் கொட்டுகிற சத்தம்.  திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். போனை வைத்துவிட்டால், அதுவும் சரி. மாடத்தி வாங்கி அழுதால்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

"கைய... விட்டியளா?" என்றான்.

"விட்டேன்."

"பெறவு புடிச்சியள்ளா?"

"புடிச்சேன்."

மறுபடி மூச்சு. குழந்தையை யாரோ வெளியே தூக்கிக்கொண்டு போனார்கள், சிணுங்கல் தூரமாகப் போயிற்று.

"எக்கா, எனக்குக் கயித்தப் புடிச்சது ஞாபகம் இருக்கு. நீங்க அந்தக் கரைல கையக் காட்டுனிய. அது இருக்கு. அதுக்கு அடுத்தாப்ல ஆஸ்பத்திரி... மேல சுத்துமே..."

"பேன்."

"பேன். நடுவுல ஒண்ணுமே இல்ல. யார்ட்டக் கேட்டாலும், உலகக்கா காப்பாத்துனாவ, கும்பிட்டுக்கோங்காவ. அவ்வளவுதான். டாக்டரும் சொல்ல மாட்டேங்காரு. இவளும் அழுவுதா." இத்தனை சொற்களைச் சேர்த்துச் சொன்னதில் அவனுக்கு மூச்சு வாங்கியது. நிறுத்தி, தேடி, மறுபடி எடுத்தான். "பகல்ல சும்மா கெடக்கும்போது பயமா இருக்குக்கா. அந்த நேரத்துல நான் எங்க இருந்தேன்னு. நான் என்ன... நான் ஏதாவது செஞ்சனா? சும்மாவா கெடந்தேன்?"

"சும்மாவா கெடந்த? எத்துன எத்துல என் முட்டு ரெண்டும் கன்னிப்போச்சு. பத்து நாள் நொண்டுனேன்."

"நெசமாவா?"

"நெசமா. என் சடையப் புடிச்சு இழுத்த. ஒரு கொத்து கையோட வந்துட்டு."

ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா இருமலா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. சிரிப்பு என்று வைத்துக்கொண்டாள்.

"மொதல்லருந்து சொல்லுங்க" என்றான் சொரிமுத்து. "எனக்கு என்னதான் ஆச்சு? ஒண்ணு விடாமச் சொல்லுங்க. விட்டதையும் சொல்லுங்க."

பாய் கத்தியை எடுத்துப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, அவசரமில்லை என்பதுபோலக் கையைக் காட்டினார். அவள் வாசல் பக்கமாக நகர்ந்தாள். அங்கேதான் கயிற்றுச் சுருள்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வாடை முகத்தில் அடித்தது. நகர்ந்துகொள்ளவில்லை, அதில் ஒன்றில் தோளைச் சாய்த்து நின்றுகொண்டாள். "ஒரு கெளடே" என்று தொடங்கினாள். "நீ பாதி ஓட வந்துட்ட. நான் கட்டிமுடிச்சிட்டு உன்னயத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். உனக்கு வலப்பக்கம், மேலருந்து, எலையோட, பச்சக் கெள..."

அவன் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் மட்டும் அந்தப் பக்கத்திலிருந்து, தேடாமல், தடுக்காமல், உடனே வந்தது:

"பெறவு?"